கலியாணத்துக்கு முன்னும் பின்னும்: நிறம், வழிபாடு, நெருக்கம் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா, மடுப் பக்கங்களில் இப்போது கலப்புக் கலியாணங்கள் நிறைய நடக்கின்றன. சைவரும் கத்தோலிக்கரும் முடிக்கிறார்கள், தமிழரும் முஸ்லிம்களும், தமிழரும் சிங்களவரும் முடிக்கிறார்கள். பொம்பிளை புதுக்குடியிருப்பு, மாப்பிள்ளை ரொறன்ரோ என்பது வழமையாகிவிட்டது. மண்டபம், சாப்பாடு, வீடியோ எல்லாவற்றையும் இரண்டு வீட்டாரும் இருந்து பேசி முடிப்பார்கள். பேசாமல் விடுகிறவை கீழே இருக்கின்றன. கேட்பவர்கள் கேட்கும் மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம்.

நிறமும் தோற்றமும்

கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருக்கு. பூசினால் வெள்ளையாகிற கிறீம் எது?

மேல்தோல் ஒரு சுற்றுப் புதுப்பிக்கவே ஏறக்குறைய நான்கு கிழமை எடுக்கும். அதற்கு முன் ஒரு கிறீம் முகத்தை வெளுக்க வைத்தால் அதற்குள் மூன்றில் ஒன்று இருக்கிறது: பாதரசம், வலுவான ஸ்டீரோயிட், அல்லது ஹைட்ரோகுயினோன் என்ற நிறம் வெளுக்கும் மருந்து அளவுக்கு மீறி. பத்து நாளில் பலன் கிடைத்ததென்று சொல்லி ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் கிறீமில்தான் ஆபத்து அதிகம். அந்த வேகமே அதற்கான அடையாளம்.

பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். தோலுக்குள்ளால் இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்திலும் நரம்பிலும் தங்கும். கருவில் இருக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேரும். கலியாணத்துக்காகப் பூசுகிறவர்களில் பலர் சில மாதங்களில் கருத்தரிப்பவர்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம். வவுனியாப் பக்கம் ஏற்கெனவே காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் உள்ள இடம். அங்கே பாதரசக் கிறீம் பூசுவது இருக்கிற சுமைக்கு மேல் இன்னொன்றை ஏற்றுவது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில், இப்படிப்பட்ட கிறீம்களில் 1 முதல் 10 சதவீதம் வரை, சவர்க்காரங்களில் 1 முதல் 3 சதவீதம் வரை பாதரசக் கலவை இருந்திருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை முதலில் அனுமதித்த உச்ச அளவு பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான். 2023இல் அந்த அளவையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே கூடாது என்று முடிவெடுத்தார்கள். இலங்கையும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது.

என்னுடைய கிறீமில் என்ன இருக்கென்று எப்படிப் பார்ப்பது?

பெட்டியைக் கையில் எடுங்கள். பொருட்களின் பட்டியலே இல்லையென்றால் அதோடு முடிந்தது, வேண்டாம். பட்டியல் இருந்தால் மேர்க்கியூரி, கலோமெல், மேர்க்கியூரஸ் குளோரைட், அமோனியேட்டட் மேர்க்கியூரி என்ற பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். “தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பர் படக்கூடாது” என்ற எச்சரிக்கை பாதரசத்துக்கான துப்பு, ஏனென்றால் பாதரசம் தங்க நகையோடு சேர்ந்து அதை வெளுக்க வைக்கும். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்பவை ஸ்டீரோயிட்கள். எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற வருத்தங்களுக்கு வைத்தியர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுக்கும் மருந்துகள் அவை. முகத்துக்குத் தினமும் பூச உண்டானவை அல்ல.

பெயரில்லாத வெள்ளை டப்பாவில் பார்லரிலேயே “கலந்து” தருவதைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் கடையில் வாங்கிய ஸ்டீரோயிட் ரியூபை வாசனைக் கிறீமோடு குழைத்ததுதான் அது.

ஆறு மாதமாகப் பூசுகிறேன். நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது. என்ன செய்ய?

அது ஸ்டீரோயிட்டின் வேலை. தோல் மெலிந்து அதற்குப் பழகிவிட்டது. நிறுத்தியதும் சிவப்பு, எரிச்சல், பருக்கள் கிளம்பும். உடனே எடுத்துப் பூசினால் அடங்கும், அதனால் கிறீம் நல்லதென்றும் நிறுத்தியதுதான் பிழையென்றும் தோன்றும். பலர் வருடக்கணக்கில் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான்.

ரியூபைக் கையோடு கொண்டு வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்குப் போங்கள். நீண்ட நாள் பூசியவர்களுக்கு வலுக்குறைந்த ஒன்றுக்கு மாற்றி, நாள் இடைவெளியைக் கூட்டி, படிப்படியாகத்தான் நிறுத்துவார்கள். சரியாக வரச் சில கிழமைகள் முதல் சில மாதங்கள் எடுக்கும். ஆகவே கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தானாக நிறுத்திப் பார்க்கக் கூடாது, இப்போதே போய்க் காட்ட வேண்டும்.

பாதரசம் என்று சந்தேகமென்றால் அன்றே நிறுத்துங்கள், அதற்குப் படிமுறை இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் அளவு தெரியும். துவாய், தலையணை உறைகளைக் கழுவுங்கள், வீட்டில் இருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அவற்றிலிருந்து பாதரசம் போகும். மிச்சக் கிறீமை எரிக்க வேண்டாம், ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். கிணற்றடியில் கொட்டவும் வேண்டாம். இறுக்கிக் கட்டிய பையில் வைத்து, எங்கே ஒப்படைப்பதென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

குளுட்டத்தியோன் ஊசி?

நிறத்துக்காக நரம்பில் ஏற்றும் இந்த ஊசி பாதுகாப்பானதென்று நிறுவப்படவில்லை. வேண்டாம்.

அப்ப எதுதான் வேலை செய்யும்?

வயலிலும் கடற்கரையிலும் நிற்பவருக்குக் கறுப்பது முகம், கழுத்து, முன்கை மட்டும்தான். மேற்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள், அதுதான் உங்கள் நிறம். வெயிலைத் தடுத்தால் சில மாதங்களில் முகமும் அந்த நிறத்துக்குத் திரும்பும். அதைத் தாண்டி எதுவும் நல்லபடி வெளுக்க வைக்காது.

சண் கிறீம் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கான அளவு. பட்டாணியளவு பூசிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். வியர்த்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூச வேண்டும். வன்னியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் வியர்வையோடு புழுதியும் ஒட்டும் என்பதால், நாற்று நடுகிறவருக்கும் கருவாடு காய வைக்கிறவருக்கும் முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் கிறீமைவிட மலிவு, பலனும் கூட.

கன்னத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பது வேறு விடயம். கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் வரும். அதற்கு வைத்தியர் ஹைட்ரோகுயினோன் சில மாதங்களுக்கு எழுதலாம். காலக்கணக்கில்லாமல் பூசினால் நீலக்கறுப்பாகப் படிந்துவிடும், பிறகு எடுப்பது கடினம். அதோடு கலந்து வரும் ட்ரெட்டினோயின் கருத்தரிக்கப் போகிறவருக்கு ஆகாது.

போட்டோவில் முகம் மட்டும் சாம்பல் பூசின மாதிரி வருது. ஏன்?

இரண்டு காரணங்கள். முதலாவது, பவுண்டேஷன் உங்கள் நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளிறியது. பார்லரில் புறங்கையில் பூசிப் பார்க்கிறார்கள், அது பிழை. தாடையோரத்தில் மூன்று கோடு இழுத்து, வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மறைகிற கோடுதான் சரியானது. மா நிறத்துக்குக் கண்ணுக்குக் கீழ் உள்ள கருவளையத்தை மறைக்க முதலில் செம்மஞ்சள் சாயலுள்ள நிறத்திருத்திக் கிறீம் போட வேண்டும். நேரே வெளிர்நிறம் போட்டால் சாம்பலாகும்.

இரண்டாவது, சிலிக்கா கலந்த வெள்ளைப் பவுடரும், துத்தநாகம் அல்லது டைட்டானியம் உள்ள சண் கிறீமும் கமரா பிளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கும். நேரில் நன்றாக இருக்கும் முகம் படத்தில் வெள்ளையாகிவிடும். முன்னோட்ட மேக்கப் அன்று இருட்டறையில் கைத்தொலைபேசி பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

கறுப்பு மருதோன்றி போடலாமா?

வேண்டாம். அசல் மருதோன்றி கறுப்பாகப் பிடிக்காது. 4 முதல் 6 மணித்தியாலம் வைத்து எடுத்தால் முதலில் செம்மஞ்சளாக இருந்து, ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். ஒரு மணித்தியாலத்துக்குள் கன்னங்கரேல் என்று பிடித்தால் அதில் பிபிடி என்ற தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கிறது. தோல் கொப்பளிக்கும், தழும்பு நிற்கும். பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயம் ஒவ்வாமல் போகலாம். முதல் நாள் போட்டு, கொப்பளம் தாலி கட்டும் நாளில் வெளிக்கிடுவதுதான் வழமை.

வெளிநாட்டில் வெயிலில் கிடந்து கறுக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. ஐரோப்பாவில் வயலில் வேலை செய்தவர்கள் கறுத்திருந்த காலத்தில் சீமாட்டிகள் வெள்ளையாக இருக்கப் பாடுபட்டார்கள். வேலை ஆலைக்குள்ளும் கந்தோருக்குள்ளும் போனபின், 1920களில் இருந்து, கடற்கரையில் கிடந்து கறுப்பது ஓய்வும் காசும் உள்ளவரின் அடையாளமானது. அதற்கென்றே புற ஊதா விளக்குக் கட்டில்கள் வந்தன. 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. மொரிட்டானியாவில் சில சமூகங்களில் பெண்பிள்ளைகளுக்குப் பாலும் தினையும் வலிந்து ஊட்டிக் கொழுக்க வைத்தார்கள். இங்கே பொம்பிளை “கொஞ்சம் மெலியட்டும்” என்கிறார்கள். அந்தந்த ஊரில் கஷ்டப்படாதவர் எப்படி இருப்பாரோ அதுதான் அந்த ஊர் அழகு.

நம் சங்கப் பாட்டுகளில் புகழப்படுவது மாந்தளிர் போன்ற மாமை நிறம். தலைவி வெளிறினால் அது பசலை, வருத்தம். வெள்ளை நிறத்துக்குத் தமிழில் பழைய மரியாதை உண்டு என்று சொல்லும் தரகருக்கு இதைச் சொல்லலாம்.

மாப்பிள்ளை வீட்டார் வட்ஸ்அப்பில் படம் கேட்கிறார்கள். பில்டர் போட்டு அனுப்பலாமா?

போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், பில்டர் இல்லாமல் ஒரு முழுப்படம், பத்து நிமிட வீடியோ அழைப்பு ஒன்று. இரண்டு பக்கமும் அப்படியே. கனடாவில் இருந்து வருகிறவரின் வயதும் முடியும் பில்டரில் மறையும் என்பதைப் பொம்பிளை வீட்டார் மறந்துவிடுகிறார்கள்.

வழிபாடு, சடங்கு, சட்டம்

நான் சைவம், அவர் கத்தோலிக்கம். நான் கட்டாயம் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

இல்லை. ஞானஸ்நானம் பெறாதவரோடு கத்தோலிக்கர் முடிக்க ஆயரின் விலக்களிப்பு தேவை. அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை போன்ற வேறு சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவரென்றால் ஆயரின் அனுமதி போதும். இரண்டையும் பங்குத்தந்தை எழுதி எடுப்பார். மன்னார், வவுனியா மாவட்டங்கள் மன்னார் மறைமாவட்டத்துக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவு யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கும் உரியவை என்பதால் கடிதம் போகும் இடம் மாறும். இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே தொடங்குங்கள். கத்தோலிக்கத் தரப்பின் ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதத்துக்குட்பட்டதைக் கேட்பார்கள். திருமண ஆயத்த வகுப்பும் உண்டு.

பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாக வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கத் தரப்பு மட்டும். உங்களுக்கு அது தெரியப்படுத்தப்படும், நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை. சண்டை வருவது இங்கேதான்: அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதே முதல் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்போதுதான் அம்மம்மாவுக்குத் தெரிய வருகிறது. வாக்கை இரண்டு வீட்டாருக்கும் முன்னமே சொல்லிவிடுங்கள்.

காலையில் கோயிலில் தாலி, பின்னேரம் தேவாலயம். செய்யலாமா?

திருச்சபைச் சட்டப்படி சம்மதம் கொடுக்கும் சடங்கு ஒன்றுதான் இருக்கலாம். முன்னுக்கோ பின்னுக்கோ இன்னொரு மதச் சடங்கில் அதையே திரும்பச் செய்ய முடியாது. ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர் தேவாலயத்திலேயே குருவானவர் ஆசீர்வதித்த தாலியைக் கட்டுகிறார்கள், கூறைச்சேலையும் உடுக்கிறார்கள். கோயிலில் தாலி இல்லாமல் அர்ச்சனை செய்து ஆசி வாங்குவது நடைமுறையில் பலர் கண்டிருக்கும் வழி. குருவானவரிடம் மறைக்காமல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேறு சபைகளில் நிலைமை ஒரே மாதிரி இல்லை. போருக்குப் பின் வன்னியில் பெருகிய சில சபைகள் தாலி, பொட்டு, நகை எதையும் ஏற்பதில்லை. பொம்பிளை பார்க்கும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி அது.

எந்த மாதம் வைப்பது?

இரு மதக் கலியாணத்தில் இதுவே பெரிய தலையிடி. சைவ வீட்டார் ஆடி, புரட்டாதி, மார்கழியைத் தவிர்ப்பார்கள். கத்தோலிக்கர் தவக்காலத்தைத் தவிர்ப்பார்கள், மாசியும் பங்குனியும் பெரும்பாலும் அதற்குள் போய்விடும். நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை, பெரும்போகம், குளம் நிரம்பினால் உள்பாதை வெட்டும். மிஞ்சுவது தை, சித்திரை, வைகாசி, ஆனி, ஆவணி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை அண்டிய நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் மச்சச் சாப்பாடு வைக்காதீர்கள். ஆவணி பிறக்க ஓரிரு நாள் முன், ஓகஸ்ட் 15இல், மடுத் திருவிழா, அதை அண்டிய நாட்களில் வாகனம் கிடைக்காது.

முஸ்லிம் ஒருவரை முடிக்க எந்தச் சட்டம்?

1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரும் முஸ்லிம்களாக இருந்தால்தான் பொருந்தும். ஒருவர் முஸ்லிம் அல்லாவிட்டால் 1907ஆம் ஆண்டுப் பொது விவாகப் பதிவுச் சட்டத்தில் பதியலாம். அந்தச் சட்டத்தில் இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அறிவித்தல் கொடுப்பவர் அந்தப் பதிவாளர் பிரிவில் 10 நாளாவது இருந்திருக்க வேண்டும், அறிவித்தல் பதிந்து 12 நாளுக்குப் பின்தான் சான்றிதழ், அது 3 மாதம் செல்லும். அவசரமென்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை விமானச் சீட்டு எடுக்கும் முன் பிரதேச செயலக மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள்.

மார்க்கப்படி பார்த்தால் மரபான சட்ட அறிஞர்கள் முஸ்லிம் ஆண் கிறிஸ்தவப் பெண்ணை முடிப்பதை ஏற்கிறார்கள், முஸ்லிம் பெண் முஸ்லிமல்லாதவரை முடிப்பதை ஏற்பதில்லை. நிக்காஹ் வேண்டுமென்றால் பெரும்பாலும் மதம் மாற்றம் கேட்கப்படும். முஸ்லிம் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அவர் சொத்துக்கு 1931ஆம் ஆண்டு முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் வரும், அதில் முஸ்லிமல்லாத துணைக்குப் பங்கு கிடைக்காது. வீடு, காணி யார் பெயரில் என்பதைச் சட்டத்தரணியிடம் முதலே பேசுங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு நீராவிப்பிட்டி போன்ற ஊர்களுக்குத் திரும்பிய குடும்பங்களில் காணி உறுதி இன்னும் தாத்தா பெயரில் இருப்பதும் உண்டு. அதையும் பார்க்க வேண்டும்.

என் சீதனக் காணி? அவர் சிங்களவர்.

தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டம் பொருந்தும் பெண் அது பொருந்தாத ஆணை முடித்தால், கலியாணம் நிலைக்கும்வரை அவருக்குத் தேசவழமை பொருந்தாது. மறுபக்கம், தேசவழமை பொருந்தும் ஆணை முடிக்கும் வேற்றுப் பெண் அதற்குள் வந்துவிடுவார். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமை, வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது. தேசவழமைக்குள் இருக்கும் மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கக்கூடக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சிங்களப் பெண்ணொருவர் கொக்குளாயிலோ கிளிநொச்சியிலோ தமிழரை முடிக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு இருவரின் ஊரையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

சிங்கள மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைச் சேலை என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது செத்த வீட்டு நிறம்.

கண்டி மணமகள் வெள்ளை ஒசரி, அதாவது கண்டிச் சேலை, உடுப்பது மங்கலம். வழமையான தீர்வு: பதிவுக்கும் போருவ என்ற சிங்கள மணமேடைச் சடங்குக்கும் வெள்ளை அல்லது வெண்தந்தம், தாலிக்குக் கூறை. சேலை மாற்ற 45 நிமிடம் ஒதுக்குங்கள், தலையலங்காரம் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்றே போதும். இரண்டு சுபநேரமும் ஒன்றையொன்று மேவாமல் சோதிடர் இருவரையும் பேச விடுங்கள். பௌத்த பிக்கு கலியாணம் செய்து வைப்பதில்லை, பிரித் ஓதி ஆசி தருவார். போயா நாளில் வைக்காதீர்கள்.

கணவர் காணாமற்போனவர். நான் பொட்டு வைக்கலாமா, மறுமணம் செய்யலாமா?

பொட்டை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வையுங்கள்.

மறுமணத்துக்குப் பழைய கலியாணம் சட்டப்படி முடிந்திருக்க வேண்டும். ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்று பதிவாளர் நாயகம் தரும் சான்றிதழ் சொத்து, கொடுப்பனவு அலுவல்களுக்கு உதவும், அதனால் கலியாணம் முடியாது. மரணச் சான்றிதழ் அல்லது விவாகரத்துத் தீர்ப்பு வேண்டும். பலர் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பமாட்டார்கள். அது அவரவர் முடிவு, மறுமணம் பேசும் வீட்டார் அவசரப்படுத்தக் கூடாது. சட்ட உதவி ஆணைக்குழுவில் விவாகரத்து வழி பற்றி இலவசமாகக் கேட்கலாம்.

நெருக்கம்

முதல் இரவில் இரத்தம் வராவிட்டால்?

பல பெண்களுக்கு வராது. கன்னிச்சவ்வு ஒரு மூடி அல்ல, ஓரத்தில் இருக்கும் நெகிழும் மடிப்பு. சைக்கிள் ஓடாதவருக்கும் வராமல் போகலாம், ஏற்கெனவே உறவு கொண்டவருக்கும் அவசரத்தால் வரலாம். எந்த வைத்தியரும் அதைப் பார்த்து முன்னைய உறவைச் சொல்ல முடியாது. 2018 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் ஐநாவின் மனித உரிமை, பெண்கள் அமைப்புகளும் கன்னித்தன்மைப் பரிசோதனையை ஒழிக்கச் சொன்னது அதனால்தான். வெள்ளை விரிப்பைக் கேட்கும் வீட்டாருக்கு மாப்பிள்ளையே மறுமொழி சொல்ல வேண்டும். பொம்பிளை சொன்னால் எடுபடாது, கசப்புத்தான் மிஞ்சும்.

வலிக்கிறது. இரண்டு மாதமாக முடியவில்லை.

இது பரவலானது, சரியாகக் கூடியது. காரணங்கள் மூன்று நான்கு: அவசரம், ஈரமின்மை, யோனித் தசை தன்னறியாமல் இறுகுதல், தொற்று. கடிக்கும் வெள்ளைபடுதல் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. மற்றவற்றுக்கு இப்படிச் செய்யுங்கள்: இரண்டு கிழமை உட்புகுதலை முற்றாக விட்டுவிடுங்கள், இருவரும் அறிந்தே. தொடுதல் மட்டும், இருபது நிமிடம், களைத்திராத நேரத்தில். பிறகு பெண் தன் விரலால், மூச்சை வெளியே விட்டபடி, வலித்தால் நிறுத்தி, சில நாட்கள் பழக வேண்டும். பின்னர் உறவு கொள்ளும்போது வேகத்தைப் பெண் தீர்மானிக்கும் நிலையில் தொடங்குங்கள். நீர் சேர்ந்த வழுக்கி ஜெல் பாமசியில் கிடைக்கும். தேங்காய் எண்ணெயும் வசிலினும் இறப்பர் ஆணுறையைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிக் கிழிக்கும். இவ்வளவுக்கும் பிறகும் முடியாவிட்டால் பெண்நோயியல் கிளினிக். “பயப்படாதே, தாங்கிக்கொள்” என்பது மருந்து அல்ல, தசை இன்னும் இறுகும்.

உறவுக்குப் பின் சிறுநீர் எரிந்தால் தொற்று. உறவுக்குப் பின் சிறுநீர் கழித்து, நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தால் குறையும். காய்ச்சல், விலாநோவு சேர்ந்தால் அன்றே வைத்தியசாலை. சிறுநீரக நோய் உள்ள பகுதியில் வலிமாத்திரையை வாங்கிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

எந்த நாட்களில் கூடாது? அவர் மதத்தில் ஒன்று, எங்களில் ஒன்று.

இஸ்லாத்தில் மாதவிடாய் நாட்களில் உடலுறவு இல்லை, ஆனால் பக்கத்தில் படுப்பது, சேர்ந்து சாப்பிடுவது, சமைப்பது எல்லாம் உண்டு. நோன்புப் பகலிலும் உறவு இல்லை, இரவில் தடையில்லை. பல சைவ வீடுகளில் துடக்கு நாட்களில் சாமியறைக்கும் சில இடங்களில் குசினிக்கும் போகக் கூடாது, விரத நாட்களில் தனிப்படுக்கை. கந்தசஷ்டி ஆறு நாள், கேதார கௌரி 21 நாள். கத்தோலிக்கத்தில் இப்படி நாள் ஒதுக்கம் இல்லை. ஒரு கலண்டரில் இரண்டு பேரின் நாட்களையும் குறித்து அறைக்குள் மாட்டுங்கள். மறுக்கப்பட்டேன் என்ற மனத்தாங்கலில் பாதி அதோடு போய்விடும்.

இஸ்லாத்தில் உறவுக்குப் பின் தொழுகைக்கு முன் முழுக்கு வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் விடியமுன் கிணற்றடியில் தண்ணீர் வார்க்கும் சத்தம் ஊருக்கே கேட்கும். இரவே உள்ளறையில் இரண்டு வாளி நிரப்பி வைப்பது ஆவணி வறட்சியிலும் முடியும்.

வீடு சின்னன். எட்டுப் பேர் இருக்கிறோம்.

இந்திய வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி. அறைச் சுவர் கூரைவரை போகாத வீடுகளும் உண்டு. கலியாணச் செலவில் ஒரு பகுதியைக் கூரைவரை சுவர் எழுப்பவும், உள்ளிருந்து பூட்டும் தாழ்ப்பாளுக்கும், சத்தமில்லாத கட்டிலுக்கும் ஒதுக்குங்கள். வெளிநாட்டில் வளர்ந்தவர் எல்லார் முன்னும் கையைப் பிடிப்பார், ஆனால் அறைக்குள் மாமி தட்டாமல் வருவதைத் தாங்கமாட்டார். இங்கே வளர்ந்தவருக்கு அது மறுதலை. இரண்டையும் முதல் கிழமையிலேயே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

உடல் மயிர் எடுக்க வேண்டுமா?

இஸ்லாத்தில் அக்குள், அடிவயிற்று மயிரை நாற்பது நாளைக்கு மேல் விடாமல் எடுப்பது நபிவழி, ஆணுக்கும் பெண்ணுக்கும். சீக்கியர் எதையும் எடுக்கமாட்டார்கள். சைவத்திலும் கிறிஸ்தவத்திலும் விதி இல்லை. கைத்தொலைபேசியில் ஆபாசப்படம் பார்த்து வளர்ந்தவர் அதையே இயல்பென்று எண்ணுகிறார். மருத்துவத் தேவை எதுவும் இல்லை. எடுப்பதென்றால் கத்தரியால் குறைப்பதே போதும். றேசர் என்றால் புதியது, குளித்தபின், மயிர் வளரும் திசையில். கலியாணத்துக்கு முதல் நாள் முதன்முறையாக எடுத்தால் கொப்பளமும் கடியும் நிச்சயம். மயிர் நீக்கும் கிறீம் உள்ளுதடுகளில் படக்கூடாது.

கருத்தடை? எங்கள் மதம் விடுமா?

கத்தோலிக்கத் திருச்சபை இயற்கை முறைகளை மட்டும் ஏற்கிறது, 1968இல் பாப்பரசர் அதை உறுதியாகச் சொன்னார். கருப்பைவாய்ச் சளியைக் கவனிக்கும் முறை என்றால் தெளிவான, முட்டை வெண்கருபோல் இழுபடும் நாட்களும் அதை அடுத்த சில நாட்களும் கருத்தரிக்கும் காலம். கற்றுக்கொள்ளவே இரண்டு மூன்று சுற்று எடுக்கும். இஸ்லாமிய அறிஞர் பெரும்பாலோர் இருவரும் சம்மதித்தால் தற்காலிக முறைகளை ஏற்கிறார்கள், நிரந்தர முறையை ஏற்பதில்லை. சைவத்திலும் பௌத்தத்திலும் பொதுத் தடை கிடையாது.

ஊசி 3 மாதத்துக்கு ஒன்று, நிறுத்தியபின் கருத்தரிக்கப் பல மாதம் பிந்தலாம். லூப் 10 வருடம்வரை, கைக்குள் வைக்கும் குச்சி 5 வருடம். அவசர மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள், முந்தினால் நல்லது. ஒரு வருடத்துக்குள் பிள்ளை வேண்டுமென்றால் ஊசியைத் தெரிவு செய்யாதீர்கள். இது மிகப் பொதுவான பிழை. கருத்தரிக்க எண்ணினால் மூன்று மாதம் முன்பிருந்தே போலிக் அசிட்.

காலை இழந்தவர். உடம்பில் செல் துண்டு. முள்ளந்தண்டில் காயம்.

செல் துண்டு துணைக்குத் தீங்கு செய்யாது. எம்ஆர்ஐ எடுக்கும் முன் மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றிவிடுங்கள், மிஞ்சிய காலின் முனையில் சிவந்த இடம் இருந்தால் அதன்மேல் பாரம் கொடுக்காமல் பக்கவாட்டில் தலையணை வைக்கலாம். முதன்முதல் கழற்றிய காலைத் துணை பார்ப்பது கலியாணத்துக்கு முன், பகலில், உடையோடு இருக்கும்போது நடந்தால் நல்லது.

முள்ளந்தண்டுக் காயமென்றால் முதலில் சிறுநீர்ப்பையை வெறுமையாக்குங்கள். நிரந்தரக் குழாய் உள்ள ஆண் அதை மடித்து ஆணுறையை மேலே போடலாம், பெண் வயிற்றோடு ஒட்டிவைக்கலாம். காயம் நெஞ்சுமட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் திடீர்த் தலையிடி, முகம் வியர்த்துச் சிவத்தல் ஆபத்து: உடனே நிறுத்தி, நிமிர்த்தி இருத்தி, குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், அடங்காவிட்டால் வைத்தியசாலை. விறைப்புக்கு மாத்திரை உண்டு, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு அது கூடாது.

எனக்கு விருப்பமில்லாத நேரத்திலும் கட்டாயப்படுத்துகிறார். முடித்த பிறகு மறுக்கலாமா?

மறுக்கலாம். தண்டனைச் சட்டம் இதில் பின்தங்கியிருக்கிறது, நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாத மனைவியை வல்லுறவு செய்வது தனிக் குற்றமாக அதில் இல்லை. ஆனால் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மகளிர் உதவி இலக்கம் 1938.

இவற்றையெல்லாம் யாரிடம் நேரில் கேட்பது?

உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம். புதுத் தம்பதிகளைப் பதிவதும் அவருடைய வேலைதான். வீட்டுக்கு வரும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால் கேட்க முடியாது. “கிளினிக்கில் வந்து காட்டுகிறேன்” என்று சொல்லி நாள் வாங்கிக்கொள்ளுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.